பெயின்றுக்குக் கீழே 1942 இருக்குமா?

நீண்ட பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துப் பிறகு வாசியுங்கள்.

இந்தப் பதிவில் 'நாங்கள்' என்றால் இரண்டு பேர். ஒருவர் கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து நகரத்துக்கு வந்து வரலாறு படிப்பிக்கிறவர். மற்றவர் அன்புவழிபுரத்தில் இருக்கிற, ஓய்வு பெற்று வருடங்கள் பல ஆன சேர். சனிக்கிழமைகளில் சேரின் விறாந்தையில் இரண்டு கதிரையும் தேத்தண்ணியும் தயாராக இருக்கும். கலாசாலையில் இரண்டு வருடம் படித்ததைவிட அந்த விறாந்தையில் படித்தது அதிகம் என்று எங்களில் இளையவர் அடிக்கடி சொல்வதுண்டு. மூத்தவருக்கு அதைக் கேட்கப் பிடிக்காது, கலாசாலையைக் குறைத்துப் பேசக் கூடாது என்பார்.

சில கிழமைகளுக்கு முன்னர் இளையவரின் போனுக்கு மெல்பேர்னிலிருந்து ஒரு படம் வந்தது. அனுப்பியவர் கிண்ணியாவில் ஒன்றாகப் படித்த நண்பர். அங்கே லைசன்ஸ் எடுத்து, சுடும் கழகம் ஒன்றில் சேர்ந்து, பழைய இராணுவத் துவக்கு ஒன்று வாங்கியிருந்தார். கூடவே குரல் பதிவு:

"மச்சான், 1942 எண்டு அடிச்சிருக்கு பாரு. நம்மட மூத்தப்பா டொக்யார்ட்டில வேல செஞ்ச காலத்துத் துவக்கு. விக்கிறவன் எல்லாமே ஒரிஜினல் எண்டான். ஆனா மேல கறுப்புப் பெயின்ற் அடிச்சிருக்கு, அசிங்கமாக் கிடக்கு. நாளைக்கு உரிச்சுப் போட்டு உள்ளுக்கு இருக்கிற நீலத்த எடுக்கப் போறன். வாப்பாட்டயும் சொல்லிட்டன்."

படத்தைச் சேரிடம் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னது ஒரே வரி: "தம்பி, அந்தப் பிள்ளைய முதல்ல கைய எடுக்கச் சொல்லும்."

முதலில் ஒரு முக்கியமான விடயம். எங்கள் மாவட்டத்தில் துவக்கு ஒரு பொழுதுபோக்குச் சாமான் இல்லை. முப்பது வயதைக் கடந்த எவருக்கும் அது வேறு நினைவுகளைக் கொண்டுவரும், தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் சிங்களவருக்கும் அப்படித்தான். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம். காணி துப்பரவு செய்யும்போது பழைய இரும்பு ஏதும் அகப்பட்டால் தொடாமல் பொலிசுக்கு அறிவியுங்கள். கீழே எழுதியிருப்பது ஒரு பழம்பொருளை எப்படி வாசிப்பது என்பது பற்றி. பொருள் துவக்காக அமைந்துவிட்டது.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். நாங்கள் சொல்லும் 'துவக்கு', இந்தியாவில் சொல்லும் 'துப்பாக்கி', சிங்களத்தின் 'துவக்குவ' எல்லாம் ஒரே துருக்கிச் சொல்லின் பேரப்பிள்ளைகள். ஆயுதத்தோடு சொல்லும் கடல் கடந்து வந்திருக்கிறது.

நண்பர் வாங்கியது லீ-என்ஃபீல்ட், .303 வகை. எங்கள் ஆட்கள் 'த்ரீ நோட் த்ரீ' என்பது இதைத்தான். ஸ்கொட்லாந்தில் பிறந்து வட அமெரிக்காவில் வாழ்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் வடிவமைத்த தாழும் மகசினும், லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த அரச ஆயுதத் தொழிற்சாலையின் குழலும் சேர்ந்ததால் அந்தப் பெயர். ரோட்டில் ஓடுகிற ரோயல் என்ஃபீல்ட் மோட்டார் சைக்கிளின் பெயரும் அந்தத் தொழிற்சாலைக்கு உதிரிப்பாகம் செய்து கொடுத்த வழியில் வந்ததுதான். 1857இல் மாடு, பன்றிக் கொழுப்புக் கதையால் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது வேறு, அதற்கு முந்திய என்ஃபீல்ட். இரண்டையும் பரீட்சைத் தாளில் குழப்பி எழுதுகிற பிள்ளைகள் வருடத்துக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள்.

இந்தக் குட்டையான லீ-என்ஃபீல்டின் 'மார்க் 3' வடிவம் 1907இல் வந்தது. முதலாம் உலகப் போரின் நடுவே வேலையைக் குறைப்பதற்காகச் சில பாகங்களைக் கழித்து, பெயருக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி சேர்த்தார்கள். நண்பருடையது அந்த நட்சத்திரக் குறி உள்ளது. பிடங்கு வந்து சேருகிற இரும்பு வளையத்தில் ஒரு கிரீடம், கீழே ஜி.ஆர்.ஐ என்ற எழுத்துகள், அதன் கீழே இஷாப்பூர், 1942. ஜி.ஆர்.ஐ என்பது 'ஜோர்ஜ், மன்னரும் சக்கரவர்த்தியும்' என்பதன் லத்தீன் சுருக்கம். இந்தியாவின் சக்கரவர்த்தி என்ற அர்த்தத்தில், அங்கே செய்த ஆயுதங்களில் அடித்தது.

இஷாப்பூர் கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கிறது. கம்பனிக் காலத்தில் அங்கே வெடிமருந்து செய்தார்கள். அதே இடத்தில் 1904இல் துவக்குத் தொழிற்சாலை வந்தது. இரண்டு உலகப் போர்களிலும் இந்தியப் படைக்கு அங்கிருந்து துவக்கு போனது. 1947க்குப் பிறகும் அது மூடப்படவில்லை. சுதந்திர இந்தியா அதே லீ-என்ஃபீல்டைத் தொடர்ந்து செய்தது, பழையவற்றைத் திருத்தியது. 1960களில் அதே வடிவத்தில் 7.62 மில்லிமீற்றர் தோட்டாவுக்கு ஏற்ற புதிய துவக்கையும் செய்தது. கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது. ஆற்றங்கரையும் பட்டறையும் அப்படியே இருந்தன.

இனித்தான் மேற்பூச்சு.

இரும்பு காற்றிலும் ஈரத்திலும் கறள் பிடிக்கும். உப்புக்காற்று அடிக்கிற எங்கள் ஊரில் புதுச் சைக்கிள் சங்கிலி என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியும். துவக்குக்கு அந்தக் காலத்தில் செய்த வைத்தியம் விசித்திரமானது: கறளைக் கொண்டே கறளைத் தடுப்பது. இரும்பை நன்றாக மெருகேற்றி, எண்ணெய்ப் பசை போகக் கழுவி, ஒரு அமிலக் கலவையை மெல்லிதாகப் பூசி, ஈரச்சூட்டில் வைப்பார்கள். சிவப்புக் கறள் படியும். அதைக் கொதிநீரில் போட்டால் சிவப்பு கறுப்பாக மாறும். மேலே நிற்கிற தூளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்துவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து. பல தடவை. கடைசியில் கிடைப்பது கருநீலமான, இரும்போடு ஒட்டிப் பிறந்த மெல்லிய தோல். வேதியியல் ஆசிரியர்கள் அதை மக்னடைட் என்பார்கள். சிவப்புக் கறள் பொருமி உதிரும், இது உதிராது, எண்ணெயையும் பிடித்து வைத்திருக்கும். பிரித்தானிய இராணுவம் இந்த வேலையைக் காகிதத்தில் 'பழுப்பேற்றல்' என்றே எழுதி வந்தது, நிறம் கறுப்பாக வந்த பிறகும்கூட. அரசாங்கக் காகிதங்கள் எந்த நாட்டிலும் அப்படித்தான்.

பின்னால் வந்தது பொஸ்பேட் முறை. பொஸ்போரிக் அமிலமும் துத்தநாக அல்லது மங்கனீசு உப்பும் கலந்த சூடான தொட்டியில் இரும்பை முக்கி எடுப்பது. சாம்பல் நிறம் வரும். தொட்டால் சொரசொரப்பு. பளபளப்பே இருக்காது. ஆனால் அந்தச் சொரசொரப்பு எண்ணெயையும் பெயின்றையும் கவ்விப் பிடிக்கும். போருக்குப் பிறகு பிரித்தானியாவில் பொஸ்பேட்டுக்கு மேலே கறுப்பு எனாமலைப் பூசி அடுப்பில் வைத்துச் சுட்டு இறுக்கினார்கள். சன்கோரைட் என்று அந்தப் பெயின்றுக்குப் பெயர். லிவர்பூலுக்குப் பக்கத்தில் பசாக்கர்லி என்ற இடத்தில் 1950களில் புத்தம் புதிதாகச் செய்த லீ-என்ஃபீல்ட்கள் பிறக்கும்போதே இந்தப் பெயின்றோடுதான் பிறந்தன. இஷாப்பூரும் போருக்குப் பிந்திய காலத்தில் கறுப்புப் பெயின்றுக்கு மாறியது. மழை, வியர்வை, கவனிப்பார் இல்லாத களஞ்சியம் எல்லாவற்றையும் பெயின்ற் நன்றாகத் தாங்கும்.

ஆகவே 'பெயின்ற் இருந்தால் யாரோ கெடுத்துவிட்டான், நீலம் இருந்தால் அசல்' என்ற சூத்திரம் சரிவராது. பெயின்றோடு பிறந்த துவக்கைச் சுரண்டி நீலம் ஏற்றி, 'அசலாக்கிவிட்டேன்' என்று சந்தோசப்பட்டவர்கள் உலகத்தில் நிறையப் பேர்.

நண்பருக்கு அன்றிரவே செய்தி போட்டோம்: ஒரு கிழமை பொறு, நாங்கள் கேட்கிற இடங்களைப் படம் எடுத்து அனுப்பு, சாண்ட் பேப்பரையும் பெயின்ற் உரிக்கிற மருந்தையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டு. முணுமுணுத்தார், ஆனால் கேட்டார்.

ஏன் சேருக்கு இதெல்லாம் தெரியும் என்று கேட்பீர்கள். அவருடைய அப்பா டொக்யார்ட்டில் பிட்டராக இருந்தவர், 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும் வரைக்கும். வீட்டில் இன்னும் அரம், திருப்புளி, எண்ணெய்க்குப்பி எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் இருக்கின்றன. இரும்பைத் தொட்டுப் பார்த்து அதன் வயதைச் சொல்கிற வீடு அது.

முதலில் கேட்டது முத்திரைகளின் கிட்டப் படங்கள். எழுத்து ஒன்றை இரும்பில் அடிக்கும்போது ஓரம் கூர்மையாக மேலே எழும்பும். பின்னால் யாரும் மெருகு இயந்திரத்தில் பிடித்தால் முதலில் கரைவது அந்த ஓரம்தான். எழுத்து உருகின சவர்க்காரத்தில் இருப்பதுபோல் ஆகிவிடும். நண்பரின் 1942 கூர்மையாக இருந்தது. கிரீடத்தின் மேல் முனைகூடத் தெரிந்தது. நல்ல சேதி: யாரும் பெரிதாக அரைக்கவில்லை.

இரண்டாவது, திருகாணித் தலைகள். வீட்டில் பெயின்ற் அடிக்கிற ஆள் துவக்கைக் கழற்ற மாட்டான், இருக்கிறபடியே அடிப்பான். பெயின்ற் திருகாணியின் வெட்டுக்குள் நிரம்பி, தலையும் உடலும் ஒன்றாய் ஒட்டிக்கிடக்கும். படத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு தலையைச் சுற்றியும் மயிரிழை மாதிரி இடைவெளி. கழற்றித் தனித்தனியே பூசியிருக்கிறார்கள்.

மூன்றாவது பெயின்ற் உரிந்த இடங்கள். கருநீலம் தேயும்போது மெல்ல மெல்ல மங்கும், கைபடுகிற இடத்தில் பழுப்பாகி, பிறகு வெள்ளியாகும். அதற்கு எல்லைக்கோடு கிடையாது. பெயின்ற் அப்படி இல்லை, தட்டுத்தட்டாய் உதிரும், தீவின் கரை மாதிரி விளிம்பு இருக்கும். அந்த விளிம்புக்கு உள்ளே என்ன நிறம் என்று கேட்டோம். நண்பர் கண்ணாடி வில்லையை வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். சாம்பல். சொரசொரப்பான சாம்பல். நீலத்தின் நிழல்கூட இல்லை. அந்தச் சாம்பலில் ஊசிக்குத்து மாதிரிச் சின்னக் குழிகள், குழிகளின் அடியிலும் சாம்பல்.

சேர் போனைக் கீழே வைத்துவிட்டு, "இது எங்கட ஆள் கதைய முடிச்சுப்போட்டுது" என்றார்.

அந்தக் குழிகள் பழைய கறள் தின்ற தடங்கள். குழிக்குள்ளேயும் பூச்சு இருக்கிறது என்றால் கறள் முதலில் வந்தது, பூச்சு பிறகு வந்தது. அதாவது இந்தத் துவக்கு ஒரு காலம் நனைந்து, கவனிக்கப்படாமல் கிடந்து, பிறகு பட்டறைக்குப் போயிருக்கிறது. பொஸ்பேட் தொட்டிக்குள் போட முன்னர் இரும்பைச் சுத்தமாக உரிப்பார்கள். 1942இல் ஏற்றிய கருநீலம் ஏதும் மிஞ்சியிருந்திருந்தால் அன்றைக்கே போய்விட்டது. எங்கள் நண்பர் தேடிப் போன நீலம் பெயின்றுக்குக் கீழே ஒளிந்திருக்கவில்லை. எங்கேயும் இல்லை. சுரண்டினால் சாம்பல் வரும், சாம்பலையும் சுரண்டினால் வெறும் இரும்பு வரும். அதற்கு மேலே மெல்பேர்னில் ஒரு போத்தல் மருந்தால் நீலம் ஏற்றலாம். அப்போது கையில் இருப்பது எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு துவக்கு. 1942இலும் அப்படி இருக்கவில்லை, பிறகும் இருக்கவில்லை.

சரி, பட்டறைக்கு எப்போது போனது? இதைத்தான் நாங்கள் தரம் பத்துப் பிள்ளைகளுக்குப் பிறகு பாடமாகவே எடுத்தோம், துவக்கு என்று சொல்லாமல், பெயின்ற் அடித்த கதவு என்று சொல்லி. ஒரு பூச்சுக்குக் கீழே இருக்கிற எல்லாவற்றையும்விடப் பூச்சு இளையது. கதவில் 1990ஆம் ஆண்டுப் பூட்டு இருந்து, பெயின்ற் கதவையும் பூட்டையும் தொடர்ந்து மூடியிருந்தால், அந்தப் பெயின்ற் 1990க்கு முன்னர் அடித்ததாக இருக்க முடியாது. கதவு எவ்வளவு பழையது என்பது அங்கே உதவாது.

துவக்கில் அந்தப் பூட்டு எது? குழல். குழல்கள் தேயும், மாற்றுவார்கள். மேல் மரத்தைக் கழற்றினால் குழலின் அடிப்பக்கத்தில் தனியாக ஆண்டு இலக்கம் இருக்கும். கழற்றத் தெரிந்த கழக உறுப்பினர் ஒருவரைப் பிடித்துப் படம் எடுக்கச் சொன்னோம். வந்த படத்தில் 51 என்று இருந்தது. பக்கத்தில் சின்னதாய் அசோகச் சிங்க முத்திரை. இந்தியக் குடியரசு சிங்கத் தூணைத் தன் சின்னமாக ஏற்றது 1950 ஜனவரி 26இல். கிரீடம் உடலில், சிங்கம் குழலில். ஒரே துவக்கில் இரண்டு அரசாங்கம்.

கறுப்புப் பெயின்ற் உடலிலிருந்து குழலுக்கு இடைவெளி இல்லாமல் ஓடியிருந்தது, மரத்துக்குக் கீழே மறைகிற பகுதியிலும்கூட. மறைகிற இடத்துக்குப் பெயின்ற் அடிக்கிற வியாபாரி அபூர்வம். ஆகவே எங்கள் தீர்ப்பு: உடல் 1942. குழல் 1951. மேற்பூச்சு 1951இலோ அதற்குப் பின்னரோ, பெரும்பாலும் இராணுவப் பட்டறை ஒன்றில், முறையாகக் கழற்றி, பொஸ்பேட் போட்டுப் பூசியது. விற்றவர் சொன்ன 'எல்லாமே ஒரிஜினல்' பொய். ஆனால் துவக்கு பொய் இல்லை.

தாழின் கைப்பிடியில் இருந்த தொடரிலக்கம் உடலின் இலக்கத்தோடு பொருந்தியது. அதில் கொஞ்சம் சந்தேகமும் உண்டு, ஏனென்றால் பட்டறையில் தாழை மாற்றினாலும் பழைய இலக்கத்தை அடித்துவிட்டுப் புதிதாகப் பொறிப்பார்கள். அடிக்கப்பட்ட பழைய இலக்கம் ஏதும் தெரிகிறதா என்று பார்த்தோம். தெரியவில்லை.

மரத்தைப் பற்றிக் கொஞ்சம். கிரிக்கெட் விளையாடுகிறவர்களுக்கு லின்சீட் எண்ணெய் தெரியும், புது மட்டைக்குப் பூசுவது. துவக்குப் பிடங்குக்கும் அதைத்தான் ஊற வைத்தார்கள், வார்னிஷ் இல்லை. வருடக்கணக்காகக் கை படப்பட அது சிவந்து கறுத்து, உள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு மங்கல் மினுக்கம் வரும். கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் யாரோ அண்மையில் வார்னிஷ் அடித்திருக்கிறான். இன்னொரு அடையாளம் விரலுக்குத் தெரியும்: தொழிற்சாலையில் மரத்தை இரும்பைவிட ஒரு நூல் உயரமாக விட்டிருப்பார்கள். விரலை மரத்திலிருந்து இரும்புக்கு நகர்த்தினால் ஒரு சின்னப் படி இறங்கும். மரத்தைச் சாண்ட் பேப்பரால் தேய்த்திருந்தால் அந்தப் படி தலைகீழாகிவிடும். நண்பரிடம் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கச் சொன்னோம். படி இறங்குகிறது என்றார். முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகாணியும் இருந்தது. மரம் வெடிக்காமல் இருக்க இஷாப்பூர்க்காரர்கள் போட்ட உபாயம் அது, சேகரிப்பாளர்கள் மத்தியில் 'இஷாப்பூர் திருகாணி' என்றே பெயர்.

இவ்வளவையும் எழுதி அனுப்பியபோது நண்பர் மகிழவில்லை. "அப்ப இது 1942 இல்லையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவருடைய கவலை விலையைப் பற்றியதல்ல. அவருடைய மூத்தப்பா டொக்யார்ட்டில் சுமை தூக்கியவர். 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்துக்கும் சீனக்குடா விமானத் தளத்துக்கும் குண்டு போட்டபோது அங்கே நின்றவர். அன்றுதான் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது. சிங்கப்பூர் விழுந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, இந்தியப் படையின் 34ஆவது டிவிஷன் இலங்கையில் காவலுக்கு நின்ற காலம். அந்தப் பஞ்சாபிச் சிப்பாய்களின் துவக்குகளைப் பற்றி மூத்தப்பா சொன்ன கதைகள்தான் அந்தக் குடும்பத்திடம் மிஞ்சியவை. ஒரு சம்பளத் துண்டு இல்லை, ஒரு படம் இல்லை. டொக்யார்ட் வரலாறு எழுதினவர்கள் அட்மிரல்களின் பெயரை எழுதினார்கள், கிண்ணியாவிலிருந்து வள்ளத்தில் வந்து சுமை தூக்கினவர்களின் பெயரை எழுதவில்லை. ஆகவே நண்பர் ஒரு துவக்கை வாங்கி, அதை மூத்தப்பாவின் அத்தாட்சிப் பத்திரமாக்கப் பார்த்தார்.

அதைச் செய்ய முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. 1942இல் வங்காளத்தில் செய்த துவக்கு அதே வருடம் ஏப்ரலுக்குள் திருகோணமலைக்கு வந்திருக்கும் என்பதற்கு அந்த இரும்பில் ஒரு சாட்சியும் இல்லை. செய்த ஆண்டு வேறு, போன இடம் வேறு.

அப்போதுதான் சேர் தன் கதையைச் சொன்னார். எங்களில் இளையவர் இத்தனை வருடத்தில் கேட்டிராதது. அவருடைய அப்பாவிடம் டொக்யார்ட்டில் கொடுத்த பித்தளை வில்லை ஒன்று இருந்ததாம், இலக்கம் அடித்தது, வாசலில் காட்டிவிட்டு உள்ளே போவதற்கு. அப்பா இறந்த பிறகு, பத்துப் பன்னிரண்டு வயதில், அதைப் பளிச்சென்று ஆக்கி அம்மாவிடம் கொடுக்க வேண்டும் என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறார். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, ஒரு விடுமுறை முழுக்க. ஏற்கனவே தேய்ந்திருந்த இலக்கம் முழுதாய்ப் போய்விட்டது. மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. "அம்மா ஒண்டும் சொல்லேல்ல. வடிவா இருக்கு மோனே எண்டு வாங்கி வைச்சா. எனக்கு நாப்பது வயசில, எல்லாரும் அப்பாக்கள்ட வேலை விபரம் தேடேக்கதான், என்ன செய்தனான் எண்டு விளங்கினது."

இதை அப்படியே நண்பருக்குக் குரல் பதிவாக அனுப்பினோம். சேர் தன் குரலிலேயே பேசினார், "தம்பி மோனே" என்று தொடங்கி. இரண்டு நாள் பதில் இல்லை. எங்களில் இளையவருக்குக் கொஞ்சம் பயம்தான், மனம் நொந்துவிட்டாரோ என்று. ஏனென்றால் இதே மாதிரி ஒரு சண்டையில் நாங்கள் முன்னர் தோற்றவர்கள். ஒரு பாடசாலையில், பெயர் வேண்டாம், எழுபது எண்பது வருடப் பழைய சம்பவத் திரட்டுப் புத்தகத்தை 'எழுத்து மங்கிவிட்டது' என்று புதிய கொப்பியில் அழகாகப் பிரதி பண்ணிவிட்டுப் பழையதை எரித்துவிட்டார்கள். பிரதியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எந்த அதிபர் எந்த மையில் எழுதினார், எந்தப் பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது, யார் எங்கே வெட்டித் திருத்தினார் என்பது மட்டும் இல்லை. நல்ல மனதோடு செய்தார்கள். அதனால் கோபிக்கவும் முடியவில்லை.

மூன்றாம் நாள் நண்பரிடமிருந்து படம் வந்தது. துவக்கு அப்படியே, கறுப்புப் பெயின்றோடு, மரத்தில் கொஞ்சம் எண்ணெய் தடவி. கீழே எழுதியிருந்தார்: "51ல பாகிஸ்தான் பக்கம் நிண்டிருக்குமா, காஷ்மீர்ல நிண்டிருக்குமா எண்டு தேடிக்கொண்டிருக்கன்." அந்தத் தேடலில் அவருக்கு எங்களால் உதவ முடியாது. ஆனால் கேள்வி சரியான பக்கம் திரும்பிவிட்டது.

பாக்கி இருந்தது அவருடைய வாப்பா. 'உங்கட வாப்பா கண்ட துவக்கு' என்று மகன் சொல்லி வைத்துவிட்டாரே. போன வெள்ளி ஜும்ஆ முடிந்து எங்களில் இளையவர் அந்த வீட்டுக்குப் போனார். எண்பதை நெருங்குகிற மனிதர், கண் பார்வை குறைவு. போனில் படத்தைப் பெருப்பித்துக் காட்டி, உடல் 42, குழல் 51, பெயின்ற் அதற்குப் பிறகு என்று சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஏமாற்றம் இருந்ததாகத் தெரியவில்லை. கடைசியாக ஒன்று கேட்டார்.

"எண்ண வாசம் இருக்காண்டு கேளுங்க தம்பி. வாப்பா சொல்ற, அந்தப் பட்டாளத்தான்மார் அந்தி நேரம் ஜெட்டியில குந்திக்கிட்டு மரத்துக்கு எண்ண தடவுவாங்களாம். அந்த வாசத்த வாப்பா சாகுமட்டும் சொல்லிக்கிட்டிருந்த."

அங்கிருந்தே நண்பருக்கு அழைப்பு எடுத்தோம். மெல்பேர்னில் இரவு. துவக்கைப் பெட்டகத்திலிருந்து எடுத்து மணந்து பார்த்துவிட்டு வந்தார். வாசம் இருக்கிறது, லின்சீட் மாதிரித்தான் இருக்கிறது என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாப்பா, நான் போன கிழம பூசின எண்ணட வாசமாயும் இருக்கலாம்" என்றார்.